ஸ்லைட்-அவுட் உள்ள மோட்டார்ஹோம் வாங்கலாமா? வைத்திருப்பவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

டாலஸ்வாசி

வணக்கம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், கோடையில் எங்களுடன் வந்து தங்கும் அம்மா, அப்பா என ஆறு பேர். யெல்லோஸ்டோன், யோசெமிட்டி தேசியப் பூங்காக்கள் என்று சுற்றிவர ஃபோர்டு இ-450 அடிச்சட்டத்தில் கட்டிய 31 அடி நீள 'கிளாஸ் சி' வகை மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறை, கழிப்பறை உள்ள வீட்டு வண்டி) ஒன்றைப் பழையதாகப் பார்த்து வைத்திருக்கிறேன். பொத்தானை அழுத்தினால் சோபாவும் சாப்பாட்டு மேசையும் சுவரோடு சேர்ந்து மேசை இழுப்பறையைப் போல வெளியே நகர்கின்றன; இதைத்தான் ஸ்லைட்-அவுட் என்கிறார்கள். அம்மாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஸ்லைட்-அவுட் இல்லாத இன்னொரு வண்டியும் விலைக்கு இருக்கிறது. எதை வாங்குவது?

போர்ட்லேண்ட் மழைக்காரி

வாங்குங்கள், ஆனால் தரையைத் தொட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். நாங்கள் முதலில் பார்த்த வண்டி வெளியே பளபளவென்று இருந்தது. உடன் வந்த ஆய்வாளர் நேராக ஸ்லைட்-அவுட்டின் கீழ் மூலைக்குப் போய் மண்டியிட்டார். விரிப்பின் ஓரத்தைத் தூக்கிக் கட்டை விரலால் அழுத்தினார். ஒட்டுப்பலகை அப்படியே உள்ளே அமுங்கியது. ஈரமானியை வைத்ததும் அது விடாமல் கத்தியது. விற்பவர் விலையைக் குறைக்கிறேன் என்றார். நாங்கள் வந்துவிட்டோம். மக்கிய தரையைப் பிரித்து மாற்றுவது சாதாரண வேலையில்லை.

நகரும் பெட்டியைச் சுற்றிலும் தண்ணீரைத் தடுப்பவை ரப்பர் பட்டைகள்தான். அவை வெயிலில் காய்ந்து வெடிக்கும். பெட்டியின் கூரைமேல் தேங்கும் மழைநீரும் சருகும், மூடும்போது அதோடு சேர்ந்து உள்ளே வந்துவிடும். எங்கள் ஊர்ப் பக்கம் ஊசியிலை மரங்கள் அதிகம். ஒவ்வொரு முறையும் மூடுவதற்கு முன் என் கணவர் ஏணியில் ஏறித் துடைப்பத்தால் கூரையைப் பெருக்கிவிடுவார். மேலே விரியும் துணிக்கூரை இருந்தால் இந்த வேலை பெருமளவு குறையும். பலத்த காற்றில் அது படபடவென்று அடித்துக்கொள்ளும் என்பது வேறு விஷயம். ரப்பருக்கென்று விற்கும் பூச்சை அவ்வப்போது தடவி வருகிறோம். இன்றுவரை ஒரு சொட்டு உள்ளே வந்ததில்லை.

மழை பிடித்துக்கொண்டு நாள் முழுக்க உள்ளேயே இருக்க நேர்ந்தால், வெளியே நகரும் அந்த இரண்டு மூன்று அடி இடத்தின் அருமை தெரியும். ஒருவர் சமைக்கும்போது இன்னொருவர் முட்டிக்கொள்ளாமல் கடந்து போகலாம். எனக்கு அது போதும்.

மிச்சிகன் ஏரிக்கரை

மூடாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பெட்டி நீட்டியபடி வண்டியை நகர்த்தக் கூடாது. எங்களுக்கு இது மாநிலத்தின் வட பகுதியில் நடந்தது. அக்டோபர் மாதம், காலையில் நல்ல குளிர், அன்றே வீடு திரும்ப வேண்டும். பெட்டி பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. பேட்டரி தளர்ந்திருக்கும் என்று என்ஜினை ஓடவிட்டோம். இந்த மோட்டார்களுக்கு மின்னழுத்தம் குறைந்தால் ஆகாது. அப்போதும் அசையவில்லை. பக்கத்து இடத்தில் தங்கியிருந்த முதியவர் ஒருவர் டார்ச் விளக்கோடு வண்டிக்கு அடியில் படுத்து, மோட்டாரின் பின்புறம் கையால் சுழற்றும் விசையை (கைவிசை) மாட்டும் முனையைக் கண்டுபிடித்தார். பேட்டரி டிரில்லை அதில் மாட்டி நிதானமாகச் சுழற்றி உள்ளே இழுத்துக் கொடுத்தார். காபி கொடுத்தோம், காசு வாங்க மறுத்துவிட்டார்.

எல்லா வண்டியிலும் கைவிசை இருக்காது. பக்கச் சுவருக்குள்ளேயே பல்தண்டு பதித்த வகையில் மோட்டாரை விடுவித்துவிட்டு ஆட்கள் சேர்ந்துதான் தள்ள வேண்டும். ஆகவே பணம் கொடுப்பதற்கு முன்பே, "மின்சாரம் இல்லாமல் இதை மூடிக் காட்டுங்கள்" என்று விற்பவரிடம் கேளுங்கள்.

ஃபீனிக்ஸ் பயணி

டாலஸ் நண்பருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மூடிய வண்டியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். விற்பனைக்கூடத்தில் எப்போதும் திறந்து வைத்துத்தான் காட்டுவார்கள். முழுக்க மூடச் சொல்லிவிட்டு ஆறு பேரும் உள்ளே ஏறுங்கள். கழிப்பறைக் கதவு திறக்கிறதா? பிரிட்ஜிலிருந்து தயிர்ச் சாதத்தை எடுக்க முடிகிறதா? அம்மா பிடித்து நடக்க வழி இருக்கிறதா? ஆறு பேருக்கும் சீட் பெல்ட் இருக்கிறதா? நெடுஞ்சாலை ஓய்விடத்தில் பத்து நிமிடம் நிற்கும்போது பெட்டியை நீட்டிக்கொண்டிருக்க முடியாது. வால்மார்ட் வளாகத்தில் அனுமதி பெற்று இரவு தங்கினாலும் நீட்டாமல் இருப்பதே மரியாதை. மாமியாருக்கு மூட்டு வலி. மூடினால் கழிப்பறைக்கு வழியில்லாத அமைப்பு என்பதால் மிக அழகான ஒரு வண்டியை நாங்கள் விட்டுவிட்டோம்.

அடுத்தது எடை. உங்கள் இ-450 வண்டி தன் சொந்த எடையும் சேர்த்து மொத்தமாகத் தாங்கக்கூடியது 14,500 பவுண்டு. மோட்டார், தண்டவாளம், கூடுதல் சட்டம் எல்லாம் சேர்ந்து ஒரு ஸ்லைட்-அவுட்டே சில நூறு பவுண்டைத் தின்றுவிடும். கதவருகே ஒட்டியிருக்கும் எடைச் சீட்டில் ஆட்களும் சாமான்களும் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்று இருக்கும். ஆறு பேரின் எடையை அதில் கழியுங்கள். ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 40 கேலன் தொட்டி நிரம்பினால் 330 பவுண்டுக்கு மேல். மிச்சம்தான் அரிசி மூட்டைக்கும் குக்கருக்கும் துணிமணிக்கும். நீளமான வண்டிகளில் இந்த மிச்சம் மிகவும் குறைவாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். லாரிகள் நிற்கும் இடங்களில் உள்ள 'கேட்' (CAT) நிறுவனத்தின் எடைமேடையில் ஏற்றி நிறுத்தினால் உண்மை தெரிந்துவிடும்.

ஆறு பேருக்கு இடம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் பயண நேரத்தில் பெட்டி மூடித்தான் இருக்கும். ஒரே ஒரு ஸ்லைட்-அவுட், மூடினாலும் கழிப்பறைக்கும் பிரிட்ஜுக்கும் வழி, எடைச் சீட்டின்படி ஏற்றப் போதிய எடை, இந்த மூன்றும் இருந்தால் வாங்குங்கள். ஒன்று குறைந்தாலும் ஸ்லைட்-அவுட் இல்லாத வண்டியே உங்கள் குடும்பத்துக்கு நல்லது. யோசெமிட்டியின் அப்பர் பைன்ஸ் முகாமில் மோட்டார்ஹோமுக்கு 35 அடிதான் உச்சவரம்பு. 31 அடி என்பதால் அங்கே உங்களுக்குக் கவலையில்லை, ஆனால் ஒவ்வோர் இடத்துக்கும் தனி அளவு உண்டு. பக்கத்தில் மரம் இருந்தால் பெட்டியை நீட்ட முடியாது. பதிவு செய்யும்போது அதையும் பாருங்கள்.

இரண்டு வண்டிகளின் எடைச் சீட்டையும் படம் எடுத்துப் போடுங்கள். கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.