‘தடுப்புக்காவல்’ இங்கே பொருந்தாது: ‘அடைப்புக்காவல்’ என்றொரு முன்மொழிவு

ஐயா, வணக்கம்.

போர்க்காலத்தில் பொதுமக்களைக் காக்கும் 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா சமவாயத்தை நீங்கள் தமிழாக்கியதில், 42, 78ஆம் உறுப்புரைகளில் வரும் ‘இன்டர்ன்மென்ட்’டுக்கு (பாதுகாப்புக் காரணத்துக்காக ஒருவரை அடைத்து வைப்பதற்கு) ‘தடுப்புக்காவல்’ என்று இட்டிருக்கிறீர்கள். அதை மாற்றத்தான் வேண்டும். யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருவது இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 9ஆம் பிரிவும், அதன்படி ஒருவரைத் தடுத்துவைக்க அமைச்சர் இடும் உத்தரவும். சமவாயம் பேசுவது வேறு. 42இன்படி ஒருவரை அடைத்து வைக்கலாம் என்றால், தடுத்துவைக்கும் தரப்பின் பாதுகாப்புக்கு அது முற்றாக இன்றியமையாததாக இருக்கவேண்டும். குற்றச்சாட்டு வேண்டியதில்லை, அது தண்டனையும் அல்ல. 43இன்படி நீதிமன்றமோ நிருவாகச் சபையோ கூடிய விரைவில் மீளாய்வு செய்யவேண்டும். பிறகும் ஆண்டுக்கு இருமுறையேனும்.

‘மறியல்’ உதவாது. எங்களுக்கு அது சிறை, ‘விளக்கமறியல்’ என்றால் வழக்கு முடியுமுன் வைத்திருப்பது. தமிழ்நாட்டு வாசகருக்கோ மறியல் என்றால் வீதியை மறித்து இருப்பது. ‘போர்த்தடுப்பு’ என்றால் போரைத் தடுப்பதாகிவிடும்.

என் முன்மொழிவு ‘அடைப்புக்காவல்’. வேலி அடைப்பது எங்கள் வாயில் நாளும் வரும் சொல். போர்க்கைதிகள் பற்றிய மூன்றாம் சமவாயத்தின் 21ஆம் உறுப்புரையும் இதைத்தான் சொல்கிறது: முகாமைச் சுற்றி வேலி இருந்தால் அதைத் தாண்டிப் போகக்கூடாது என்று கட்டுப்படுத்தலாம்; அறைக்குள் பூட்டி வைப்பது பொதுவிதி அல்ல.

ஆளைக் குறிக்கும்போதுதான் பிழை வரும். ‘அடைப்புக்காவலர்’ என்று எழுதி 106ஆம் உறுப்புரையில் வைத்துப் பாருங்கள்: “அடைப்புக்காவலர் ஒரு வாரத்துக்குள் குடும்பத்துக்கு அட்டை அனுப்ப வழிசெய்யவேண்டும்.” காவலுக்கு நிற்பவர் தன் வீட்டுக்கு எழுதுகிறார் என்றுதான் படிப்பவர் விளங்குவார். அடைக்கப்பட்டவரின் உரிமை ஒரு விகுதியில் போய்விடுகிறது. ‘அடைபட்டவர்’ என்றால் மயக்கம் இல்லை.

---

வணக்கம் தங்கச்சி. வேலி விளக்கம் சரி, ‘அடைபட்டவர்’ என்பதை ஏற்கிறேன். ஆனால் போர்க்கைதியும் 21இன்படி அடைப்புக்காவலில்தான் இருக்கிறார். இரண்டு பேரையும் எப்படிப் பிரிப்பது? ‘அடைபட்ட குடிமகன்’ என்று போடலாமா?

---

ஐயா, ‘குடிமகன்’ வேண்டாம். நான்காம் சமவாயத்தின் 4ஆம் உறுப்புரை பெரும்பாலும் காப்பது, தன்னைப் பிடித்து வைத்திருக்கும் நாட்டின் குடியுரிமை இல்லாதவரை. அவரையே குடிமகன் என்றால் பொருள் தலைகீழாகும். ‘அடைபட்ட பொதுமகன்’ போதும். மூன்றாம் சமவாயத்தில் ‘போர்க்கைதி’ அப்படியே நிற்கட்டும். ஒருவர் போர்க்கைதியா என்று ஐயம் வந்தால், 5ஆம் உறுப்புரைப்படி தகுதிவாய்ந்த நியாயசபை தீர்மானிக்கும்வரை அந்தப் பாதுகாப்பு அவருக்கு உண்டு.

இன்னொன்று, இதுதான் என்னை அதிகம் உறுத்துவது. 2009இல் இலங்கைப் போரின் முடிவில் சரணடைந்தவர்களைப் ‘போர்க்கைதிகள்’ என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. வேதனையைச் சொல்ல அது உதவும். மனுவிலோ அறிக்கையிலோ வந்தால் பாதிக்கப்பட்டவருக்கே எதிராகும். சர்வதேசத் தன்மையற்ற ஆயுத மோதலில், அதாவது உள்நாட்டுப் போரில், போர்க்கைதி என்ற சட்ட அந்தஸ்தே கிடையாது. எதிர்த்தரப்பு ஒரே வரியில் தட்டிவிடும். அவர்களைக் காப்பது நான்கு சமவாயங்களுக்கும் பொதுவான 3ஆம் உறுப்புரை. ஆயுதத்தைக் கீழே வைத்தவரைக் கொல்லக்கூடாது, சித்திரவதை செய்யக்கூடாது, முறையாக அமைந்த நீதிமன்றத்தின் தீர்ப்பின்றித் தண்டிக்கக்கூடாது. இச்சமவாயங்களுக்கான 1977இன் மேலதிக நெறிமுறைகளில் இலங்கை சேரவில்லை என்பதால், உள்நாட்டு மோதல் பற்றிய இரண்டாம் நெறிமுறையின் சொற்களை இரவல் வாங்கவும் இயலாது. ஆகவே அங்கே ‘தடுத்துவைக்கப்பட்டவர்’ என்ற பொதுச்சொல்தான். நீளம்தான், ஆனால் சுருக்கினால் ‘தடுப்பாளர்’ ஆகி, தடுப்பவரைக் குறித்துவிடும்.

‘போராளி’யையும் பாருங்கள். எங்கள் ஊரில் அது ஆயுத இயக்கத்தில் இருந்தவர். போரில் நேரடியாகப் பங்குகொள்ளச் சட்டம் உரிமை கொடுத்தவருக்குப் ‘போரிடுநர்’ என்று தனிச்சொல் வைப்போம்.

78ஆம் உறுப்புரையைத் திருத்தி எழுதும்போது, ‘குடிமகன்’ வேறெங்கும் வந்திருக்கிறதா என்று 79 முதல் 135 வரை ஒருமுறை தேடிப்பாருங்கள் ஐயா. அடைபட்டவர்களை நடத்தும் விதிகள் எல்லாம் அந்த இடைவெளியில்தான் இருக்கின்றன.