பட் ஃபவுலர், 19ஆம் நூற்றாண்டு கறுப்பின பேஸ்பால் ஆட்டக்காரர்: உங்களுக்கு எங்க எதிர்ப்பட்டார்?

நியூஜெர்சி_நாடோடி:
நியூயார்க் மாநிலத்து கூப்பர்ஸ்டவுன்ல இருக்கிற பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம்ல, பெரிய ஆட்டக்காரர்களோட வெண்கலத் தகடுகள் இருக்கிற ஹால். கூட்டமெல்லாம் பேப் ரூத் முன்னாடிதான். ஃபவுலர் பக்கம் நான் மட்டும். அங்க வேலை பாக்கிற பெரியவர் ஒருத்தர் வந்தார், குனிஞ்சு தன் முழங்காலுக்குக் கீழ விரல் முட்டியால ரெண்டு தட்டு தட்டினார். "மரக்கட்டை"ன்னார். புரியுதில்ல? செகண்ட் பேஸ்ல, அதாவது ஓடி வர்றவங்க தொட வேண்டிய ரெண்டாவது இடத்துல, நிக்கிற கறுப்பர் காலைக் கிழிக்கணும்னே எதிரணிக்காரங்க ஆணி வச்ச ஷூவோட சறுக்கி வருவாங்க. அதுக்காக ரெண்டு கால்லயும் மரச்சட்டம் கட்டிக்கிட்டு ஆடியிருக்கார். முதல் கறுப்பின மேஜர் லீக் ஆட்டக்காரருக்கு இந்த கதி! அந்தத் தட்டு இன்னும் காதுல இருக்கு.

ஸ்கோர்புக்:
மேஜர் லீக்கா, அந்த உச்ச மட்டப் போட்டியா? ஃபவுலர் அங்க ஒரு ஆட்டம்கூட ஆடல நண்பரே. 1884ல டொலீடோவுக்கு ஆடின ஃப்ளீட் வாக்கரோட குழப்பிக்கிறீங்க. இவர் 1878ல மாசசூசெட்ஸ் லின் அணிக்குக் காசு வாங்கி ஆடினவர். பதிவு இருக்கிற வரைக்கும் முதல் கறுப்பின தொழில்முறை ஆட்டக்காரர். அதே வருஷம் ஏப்ரல்ல பாஸ்டன் அணியை 2-1னு தோற்கடிச்ச பிட்சர், பந்து வீசுறவர். மரச்சட்டக் கதையும் மத்த ஆட்டக்காரங்க சொல்லித்தான் நமக்குத் தெரியும்.
நான் பார்த்தது, ஃபவுலரை ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்த்த 2022 ஜூலை விழாவுல. வந்தவங்கள்ல பாதிப்பேர், அன்னிக்கே சேர்ந்த டொமினிக்கன் ஆட்டக்காரர் டேவிட் ஆர்ட்டிஸுக்காக டொமினிக்கன் கொடியோட வந்தவங்க. ஃபவுலருக்காக முன்னாள் ஆட்டக்காரர் டேவ் வின்ஃபீல்ட் பேச எழுந்தப்ப என் முன்னாடி இருந்த பையன் கொடியை மடியில வச்சிட்டு, "இவர் செத்து எவ்வளவு நாளாச்சு?"ன்னு அப்பாவைக் கேட்டான். 1913. அப்பாவுக்குத் தெரியல.

பிங்காம்டன்_பக்கம்:
கட்டையை யார் சொன்னா என்ன ஸ்கோர்புக்? எங்க ஊர் லைப்ரரியில 1887 பேப்பரை மைக்ரோஃபிலிம்ல ஓட்டிப் பாருங்க. அப்ப இன்டர்நேஷனல் லீக்ல எங்க பிங்காம்டன் அணிக்கு ஃபவுலர் .350 சராசரியில, அதாவது மூணுல ஒண்ணுக்கும் மேல, அடிச்சிட்டிருந்த ஆள். எதிரணியை விடுங்க, சொந்த அணிக்காரங்களே இவரோட ஆட மாட்டோம்னு நின்னாங்க. அனுப்பிட்டாங்க, அதுவும் அதே லீக்ல வேற அணியில சேரக்கூடாதுன்னு நிபந்தனை போட்டு. ஜூலை 14ல கறுப்பினத்தவருக்குப் புது ஒப்பந்தமே கிடையாதுன்னு லீக் முடிவு. நான் மெஷினை ஆஃப் பண்ணாமலே எழுந்து வந்துட்டேன், லைப்ரரி அம்மா திட்டினாங்க.

ரொறன்ரோ_கரையான்:
நான் நியூயோர்க் மாநிலத்து ஃபிராங்க்ஃபர்ட்டில ஃபவுலரிண்ட கல்லறைக்குப் போனனான். கல் புதுசு மாதிரி இருக்கு. 1987 வரைக்கும் பேர் போட்ட கல்லே இல்லையாம், பேஸ்பால் ஆய்வாளர் சங்கம்தான் வச்சது. பக்கத்தில புல்லு வெட்டினவருக்கு ஆரெண்டே தெரியேல்ல.
போறவை கேளுங்கோ. கூப்பர்ஸ்டவுனில இருந்து 28ஆம் ரோட்டால வடக்க போய், மோஹாக்கில 5எஸ் பிடிச்சு மேற்க திரும்புங்கோ. ஒரு மணித்தியாலம்கூட எடுக்காது. பனிக்காலத்தில போகாதேங்கோ, கல் தெரியாது. கூப்பர்ஸ்டவுனில டபுள்டே மைதானத்துக்குப் போற தெருவுக்கு ஃபவுலர் வே எண்டு 2013இல பேர் வச்சிருக்கினம், அதையும் பாருங்கோ. விழா நாளில காரை ஊருக்குள்ள கொண்டுபோனா அலைச்சல்தான். வெளிய விட்டிட்டு டிராலியில போங்கோ. சாப்பாடும் கட்டிக்கொண்டு போங்கோ, அங்க கொள்ளை விலை.