சீனத்து 450 வரப்போகிறதாம்: 175 கிலோ உண்மையா?

செம்மண் ரைடர் (புதுச்சேரி):
சீனாவின் சி.எஃப்.மோட்டோ கம்பெனி செய்யும் 450எம்டி பைக் இங்கே வரும் என்ற பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறது. 2023ல் மிலான் கண்காட்சியில் அதைக் காட்டிய நாளிலிருந்து நான் வேறு வண்டி வாங்காமல் காத்திருக்கிறேன். நேற்று வேறொரு குழுவில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: "ஹிமாலயன் 450 இருக்கும்போது சீன வண்டி எதற்கு? எடையும் கிட்டத்தட்ட ஒன்றுதானே." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 450எம்டி 175 கிலோ. ஹிமாலயன் 196 கிலோ. 21 கிலோ வித்தியாசம் இவருக்கு ஒன்றுதானாம். 449 சிசி, இரட்டை சிலிண்டர், 270 டிகிரி கிராங்க், முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 18. ஆரோவில் பக்கம் மழை விட்ட மறுநாள் செம்மண்ணில் வண்டி ஓட்டியவனுக்கு இந்த 21 கிலோவின் அருமை தெரியும். தெரியாதவர்கள் எழுதுவதை நிறுத்தினால் நல்லது.

மஞ்சக்குப்பம் (கடலூர்):
அதை எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். 175 என்பது டிரை வெயிட், அதாவது பெட்ரோல், ஆயில் எதுவும் ஊற்றாத எடை. 196 என்பது கெர்ப் வெயிட், எல்லாம் ஊற்றி ஓட்டத் தயாரான எடை. ராயல் என்ஃபீல்டு அந்த 196ஐ ஆயிலும் 90 சதவீதம் பெட்ரோலும் சேர்த்துத்தான் சொல்கிறது. அதே ஹிமாலயனின் டிரை வெயிட் 181. 175க்கும் 181க்கும் எத்தனை கிலோ என்று கணக்குப் போட்டுவிட்டு வாருங்கள்.

செம்மண் ரைடர்:
கம்பெனி விவரத்தாளில் 175 என்று போட்டிருக்கிறது. உங்கள் கம்பெனி தாளில் 196 என்று போட்டிருக்கிறது. நான் தாளில் இருப்பதைச் சொல்கிறேன்.

மஞ்சக்குப்பம்:
தாளில் எண்ணுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றும் படிக்க வேண்டும். 450எம்டியின் டாங்க் 17.5 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. டாங்க் நிரம்பினால் அதிலேயே 13 கிலோ. அதன்மேல் என்ஜின் ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில். சில கம்பெனிகள் டிரை வெயிட் சொல்லும்போது பேட்டரியைக்கூடக் கழற்றிவிட்டுச் சொல்கின்றன. எப்படிப் பார்த்தாலும் 190ஐத் தொடாமல் அந்த வண்டி ஷோரூமை விட்டு நகராது. பெட்ரோல் போடாமல் ஆரோவிலுக்குத் தள்ளிக்கொண்டு போவதானால் 175 சரிதான்.

லாஸ்பேட்டை:
இரண்டு பேருக்கும் ஒரு கேள்வி. இரண்டுமே அட்வெஞ்சர் வண்டிகள், நெடுந்தூரமும் கரடுமுரடான ரோடும் போகிறவை. மண் பாதைக்கென்றே லேசாகச் செய்யும் டூயல் ஸ்போர்ட் வேறு வகை, கவாசாகி கேஎல்எக்ஸ் 230 மாதிரி. முதலில் எந்த வகையைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்யலாமா?

செம்மண் ரைடர்:
வகை எதுவாக இருந்தால் என்ன, எடை 175.

மஞ்சக்குப்பம்:
டிரை வெயிட் 175.

முந்திரிக்காடு (பண்ருட்டி):
அண்ணே, நான் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வைத்திருக்கிறேன். முந்திரித் தோப்புக்குள் உதிர்ந்த சருகு மேல் பிரேக் அடித்தால் எந்த வண்டியாக இருந்தாலும் வழுக்கித்தான் விழும். விழுந்தால் ஒற்றை ஆளாகத் தூக்க முடிய வேண்டும். உங்கள் 175உம் வேண்டாம், 196உம் வேண்டாம். இப்போது எக்ஸ்பல்ஸ் 210 வந்துவிட்டது. ஹீரோ 2024 டக்கார் பாலைவன ராலிப் பந்தயத்தில் இரண்டாம் இடம் வந்த கம்பெனி. ராஸ் பிராஞ்ச் ஓட்டினார்.

செம்மண் ரைடர்:
டக்கார் என்றால் சீனாக்காரனைப் பற்றியும் சொல்லுங்கள். 2023ல் கோவே என்ற சீன கம்பெனி மூன்று வண்டிகளை இறக்கியது, மூன்றும் கடைசிவரை ஓடி முடித்தன. சீன வண்டி பாதி வழியில் நின்றுவிடும் என்று சொல்பவர்கள் அதற்குப் பதில் சொல்லட்டும். கேடிஎம் 790 வரிசை என்ஜினைச் சீனாவின் ஹாங்சோவில் செய்வது இதே சி.எஃப்.மோட்டோதான். கேடிஎம்மின் ஆரஞ்சு பெயின்ட் அடித்தால் நல்ல வண்டி, சி.எஃப்.மோட்டோவின் நீல பெயின்ட் அடித்தால் மட்டம் என்பது என்ன நியாயம்?

மஞ்சக்குப்பம்:
நான் மட்டம் என்று எங்கே சொன்னேன்? எடை 175 இல்லை என்று சொன்னேன். கோவேயின் ராலி வண்டியை இதில் கொண்டுவந்து கலக்க வேண்டாம், அது வேறு கம்பெனி. கேள்விக்குப் பதில் இல்லாதபோதுதான் ஆட்கள் டக்காருக்கு ஓடுவார்கள்.

சிப்காட் ஷிப்ட் (கடலூர்):
எடையை விடுங்கள் சார். பாகம் கிடைக்குமா? என்னிடம் ஒரு இறக்குமதி வண்டி இருந்தது, பெயர் வேண்டாம். தேவனாம்பட்டினம் மணலில் நின்ற இடத்திலேயே சாய்ந்தது. கிளட்ச் லிவர் முறிந்தது, இண்டிகேட்டர் ஒன்று போனது, அவ்வளவுதான் சேதம். ஷோரூமில் கேட்டால் "ஆர்டர் போட்டிருக்கோம் சார்" என்ற ஒரே பதில். கடைசியில் கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய நகரத்தில், ஒரு மெக்கானிக் வேறொரு வண்டியின் லிவரை எடுத்து, கொண்டிப் பக்கத்தை அரத்தால் ராவி, போல்ட் ஓட்டை பெரிதாக இருந்ததால் உள்ளே பித்தளைத் தகட்டைச் சுருட்டி வைத்து மாட்டிக் கொடுத்தார். விற்கும்வரை அதே லிவர்தான். ஒரிஜினல் வரவே இல்லை. பிறகு அந்த ஷோரூமின் போர்டே மாறிவிட்டது.

மஞ்சக்குப்பம்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். சி.எஃப்.மோட்டோ 2019ல் நான்கு வண்டிகளோடு இந்தியாவுக்குள் நுழைந்தது. 300என்கே, 650என்கே, 650எம்டி, 650ஜிடி. எவ்வளவு ஆரவாரம்! அந்த 650எம்டியை நம்பி வாங்கியவர்கள் இன்று எங்கே போய் ஸ்பேர் கேட்கிறார்கள்? என் ஹிமாலயனுக்கு லிவர் உடைந்தால் கடலூர் இம்பீரியல் ரோட்டிலேயே யாராவது ஒருவர் எடுத்துக் கொடுப்பார். வண்டி செய்வது இதோ சென்னைக்குப் பக்கத்தில். கடற்கரை ஊர்க்காரனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. உப்புக் காற்றில் சக்கரக் கம்பியை இறுக்கும் சின்ன நட்டு, அதாவது ஸ்போக் நிப்பிள், ஒவ்வொன்றாகத் துருப்பிடித்து இறுகும். ஸ்போக்கை இறுக்கப் போனால் நிப்பிள் திரும்பாது, முறியும். அந்த அளவு நிப்பிள் ஹாங்சோவிலிருந்து வரும்வரை வண்டியைச் சுவரில் சாய்த்து வைக்க வேண்டியதுதான்.

லாஸ்பேட்டை:
2019க்கும் இன்றைக்கும் சூழ்நிலை வேறு. 2025 பட்ஜெட்டில் 1600 சிசிக்கு உட்பட்ட முழு வண்டிக்கு இறக்குமதி வரி 50லிருந்து 40 சதவீதம் ஆகிவிட்டது. பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே கோத்தால் 15லிருந்து 10. கோத்து விற்றால் விலையும் குறையும், ஸ்பேரும் இங்கேயே இருக்கும்.

மஞ்சக்குப்பம்:
கோத்தால்தானே? முழு வண்டியாக வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 100 ரூபாய் வண்டி 40 சதவீத வரியில் 140. 2025 செப்டம்பர் 22லிருந்து 350 சிசிக்கு மேல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம். 140க்கு மேல் 40 சதவீதம் போட்டால் 196. அமெரிக்காவில் 6,499 டாலருக்கு விற்ற வண்டி இது. ஷோரூம்காரர் லாபம், சாலை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் அதற்கப்புறம்.

செம்மண் ரைடர்:
பார்த்தீர்களா, விலைக் கணக்கிலும் உங்களுக்கு 196தான் வருகிறது. எடை அதிகமான வண்டியை வாங்கிவிட்ட வயிற்றெரிச்சல் எல்லா எண்ணிலும் தெரிகிறது. என் மாமா பையன் துலூஸில் 450எம்டி வைத்திருக்கிறான். நடுத்தர சக்தி பைக்குக்கு ஐரோப்பாவில் கொடுக்கும் ஏ2 லைசென்ஸில் ஓட்டுகிறான். கீழே விழுந்தால் ஒற்றைக் கையால் தூக்குவதாகச் சொல்கிறான். ஓட்டிப் பார்த்தவன் சொல்வதை நம்புவேனா, கால்குலேட்டர் வைத்திருப்பவர் சொல்வதை நம்புவேனா?

மஞ்சக்குப்பம்:
மாமா பையன் பிரான்சில் இருக்கிறானா, சரி. பாண்டிச்சேரியில் யாரோடு வாக்குவாதம் வந்தாலும் ஐந்தாவது பேச்சில் ஒரு பிரான்ஸ் உறவுக்காரர் வந்துவிடுவார். அவரிடம் கெர்ப் வெயிட் எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள் தம்பி.

செம்மண் ரைடர்:
தம்பி என்று கூப்பிட வேண்டாம். உங்களுக்கும் எனக்கும் அந்தப் பழக்கம் இல்லை. எங்கள் குடும்பத்தில் பிரான்சுக்குப் போனவர்கள் பிரெஞ்சுப் பட்டாளத்தில் உழைத்துப் போனவர்கள். அதைப் பற்றிக் கடலூரிலிருந்து யாரும் பேச வேண்டியதில்லை.

முந்திரிக்காடு:
அண்ணே, வண்டிக்கு வாங்க.

லாஸ்பேட்டை:
கடலூர்க்காரர்களுக்குப் பாண்டிச்சேரி மேல் எப்போதும் ஒரு கண். எங்கள் சாலை வரி குறைவு என்பதால் வரும் பொறாமை இது. இந்த வண்டி வந்தால் ரோட்டில் போடும்போது எங்களுக்கு ஒரு விலை, அவர்களுக்கு ஒரு விலை.

மஞ்சக்குப்பம்:
பொறாமையா? கடலூரில் வீடு, கடலூரில் வேலை, வண்டியில் மட்டும் பி.ஒய்-01 என்ற பாண்டிச்சேரி நம்பர். இப்படி எத்தனை பேர் சுற்றுகிறார்கள் என்று எங்கள் தெருவிலேயே காட்டுவேன். வாடகை ஒப்பந்தம் ஒன்றை யாரிடமாவது வாங்கி வைத்துப் பதிவு செய்வது. குண்டும் குழியுமான ரோட்டைப் பற்றி அப்புறம் எங்கள் கலெக்டருக்கு மனு எழுதுவதும் அவர்கள்தான். நான் கடலூர் நம்பரான டி.என்-31 போட்டேன், வரியை முழுதாகக் கட்டினேன். அதில் எனக்குப் பெருமைதான்.

லாஸ்பேட்டை:
எல்லையில் எங்கள் பக்கத்து முள்ளோடை, கன்னியக்கோயில் பெட்ரோல் பங்குகளில் ஒரு சாயங்காலம் நின்று பாருங்கள். வரிசையில் நிற்பதெல்லாம் டி.என்-31தான். லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிக்க எல்லை தாண்டுகிறவர்கள் வரியைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்கிறார்கள்.

சிப்காட் ஷிப்ட்:
பெட்ரோல் போடுவதும் பொய் விலாசத்தில் வண்டி பதிவதும் ஒன்றா? வழியில் பங்கு இருக்கிறது, போடுகிறோம்.

செம்மண் ரைடர்:
பேச்சை மாற்ற வேண்டாம். எடை 175. இதுவரை யாரும் மறுக்கவில்லை.

மஞ்சக்குப்பம்:
மேலே போய்ப் படியுங்கள். முதல் பதிலிலேயே மறுத்தாயிற்று.

எடையைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், அதை வைத்துத்தான் ஒருவன் கடன் வாங்கி வண்டி எடுப்பான். பெஞ்சல் புயல் சமயத்தில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து எங்கள் பக்கம் என்ன செய்தது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். வெள்ளம் வடிந்த பிறகு ரோடே தெரியாத சேற்றில் என் ஹிமாலயனை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். முன்சக்கரம் சேற்றில் மட்கார்டு வரை இறங்கியது. இறங்கி நின்று, கியரை முதலில் போட்டு, கிளட்சைப் பாதி விட்டு, பக்கத்தில் நடந்தே இழுத்தேன். அப்போது கையில் உணர்ந்தது பெட்ரோலோடு உள்ள எடை. டிரை வெயிட்டில் யாரும் சேற்றில் இறங்குவதில்லை. 175 என்று நம்பி வாங்குகிறவன் அந்த இடத்தில் போய் என்ன செய்வான்?

செம்மண் ரைடர்:
அந்த இடத்தில் 196க்குப் பதில் 175 இருந்திருந்தால் உங்களுக்கு நடக்கவே வேண்டியிருந்திருக்காது. என் வாதத்தை நீங்களே நிரூபித்துவிட்டீர்கள். நன்றி.

மஞ்சக்குப்பம்:
இவருக்கு எப்படிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. 175இல் பெட்ரோல் இல்லை. இல்லை. இல்லை.

நிர்வாகி:
இரு தரப்பும் குரலைத் தணிக்கவும். ஊர், குடும்பம் பற்றிய பேச்சு வேண்டாம்.

மஞ்சக்குப்பம்:
குடும்பத்தை இழுத்தது நான் இல்லை. மாமா பையனைக் கொண்டுவந்தது அவர். நிர்வாகி பாண்டிச்சேரிக்காரர் என்பதால் எச்சரிக்கை இரு தரப்புக்கும் என்று வருகிறது.

நிர்வாகி:
நான் விழுப்புரம்.

முந்திரிக்காடு:
நான் ஒரு வழி சொல்கிறேன். வண்டி வந்ததும் இரண்டையும் டாங்க் நிரப்பி எடை போடுவோம். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு லாரி ஏற்றும் எடைமேடை இருக்கிறது, ஐந்து நிமிஷ வேலை.

சிப்காட் ஷிப்ட்:
லாரி மேடையில் ஐந்து கிலோ, பத்துக் கிலோ என்றுதான் எண் ஏறும். ஆறு கிலோ வித்தியாசத்துக்குச் சண்டை போடுகிறவர்களுக்கு அது ஆகாது.

செம்மண் ரைடர்:
ஆறு இல்லை, 21.

முந்திரிக்காடு:
அப்போ எங்கள் ஊர் முந்திரி மண்டித் தராசு. மூட்டை போடுகிற தட்டுத் தராசு, கிலோவுக்குக் கீழேயும் காட்டும். முன்சக்கரத்தைத் தனியாக, பின்சக்கரத்தைத் தனியாக ஏற்றிக் கூட்டிக்கொள்ளலாம்.

லாஸ்பேட்டை:
ஒரு சக்கரத்தை மட்டும் ஏற்றினால் வண்டி பின்பக்கம் சரிந்து எடை மாறும். மற்ற சக்கரத்துக்கும் அதே உயரத்தில் பலகை வைக்க வேண்டும். பண்ருட்டியில் அதெல்லாம் யார் பார்ப்பார்கள்?

முந்திரிக்காடு:
பண்ருட்டியில் பலகை இல்லையா? என்னங்க பேசுறீங்க? ஊருக்கே பலாவும் முந்திரியும் எடை போட்டு அனுப்புகிறவர்களுக்கு ஒரு வண்டியை எடை போடத் தெரியாதா?

செம்மண் ரைடர்:
என் வண்டியைத் தமிழ்நாட்டுத் தராசில் ஏற்ற மாட்டேன். எங்கள் பாண்டிச்சேரிப் பக்கம் வில்லியனூரில் வைத்துப் போடுவோம். அதுவும் டாங்க் காலியாக.

மஞ்சக்குப்பம்:
டாங்க் காலியாகவா? அப்படியானால் என் ஹிமாலயனையும் காலி டாங்கோடு கொண்டுவருகிறேன். திரும்பிப் போகப் பெட்ரோல் எங்கே போடுவேன் என்று மட்டும் லாஸ்பேட்டைக்காரர் கேட்கக் கூடாது.

லாஸ்பேட்டை:
கேட்பேன்.