புதுப்பிப்பு: மறைகுறிப்புக் குறுக்கெழுத்து, விடைகளும் ஒரு திருத்தமும்

போன பதிவில் நாலு மறைகுறிப்பு (விடையைச் சொல்விளையாட்டில் மறைத்து, அதன் எழுத்தெண்ணிக்கையை அடைப்புக்குள் தரும் குறிப்பு) தந்து, விடைகளைக் கோர்த்துக் கதை எழுதச் சொல்லியிருந்தேன். முதலில் திருத்தம். ‘புழுக்கொடியலுக்குள் ஒளிந்த கூழ்ச்சரக்கு (4)’ என்ற குறிப்புப் பிழை. விடையாக நான் நினைத்த ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு; அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல்) அதற்குள் எழுத்தாக இல்லை. க்+ஒ புணர்ந்து ‘கொ’ ஆகிவிட்டது. உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லைத் தமிழில் ஒளிப்பது எப்போதும் இந்த வில்லங்கம்தான்.

மற்றவை சரி. ‘வலிக்குள் நடுக்கடல் புக, இளம்பனை (3)’: கடலின் நடு எழுத்து ‘ட’, அது ‘வலி’க்குள் போனால் வடலி. கடலைத் தேடிப் போனவர்கள்தான் தடுக்கி விழுந்தார்கள். ‘ஓலைப்பெட்டி ஒரு ராசி (4)’ கடகம், இரட்டைப் பொருள். ‘அரசனோடு ஆயுதம் சேர, திருவிழா நடக்கும் (3)’: கோ + வில்.

கோவிலுக்கு 6 கட்டம் என்றவர்கள் கணினியை எண்ணவிட்டிருப்பார்கள். அது ‘கோ’வின் கொம்பு, ‘வி’யின் விசிறி, ‘ல்’லின் புள்ளி என்ற குறிகளையும் தனித்தனியே எண்ணும். கையால் எண்ணுங்கள்: கோ, வி, ல்.

கதைக்கு வேற்றுமை உருபு சேர்க்கலாம், கடகம் ‘கடகத்தை’ ஆகலாம். கட்ட வரிசையில் விடைகளைச் செருகினால் பட்டியல் வாசிப்பதுபோல் இருக்கும். ஒரு பொருளைத் தொலையுங்கள், மற்றவை தானாக வரும்: ‘கோவிலால் வந்தவ கடகத்தை வடலிக்குள்ளே விட்டிட்டு வந்திட்டா.’ மூன்றும் ஒரே வரியில் முடிந்தது. கடகத்துக்குள் என்ன இருந்தது என்பதிலிருந்து தொடருங்கள்.