பின் டயரில் எதற்கு 18 பிஎஸ்ஐ?

பழைய சிவிக்: யீஷூன் தம்பி நேற்று எழுதியது: "டிராக் ரேஸுக்கு (நேர்கோட்டில் ஓடும் குறுந்தூரப் பந்தயம்) வேறு எதுவும் மாற்ற வேண்டாம். நாலு டயரிலும் காற்றழுத்தத்தை 18 பிஎஸ்ஐக்கு இறக்கினால் போதும், அரை நொடி குறையும்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவருடைய ஸ்விஃப்ட் ஸ்போர்ட், என் சிவிக் இரண்டுமே முன் சக்கரம் இழுக்கும் வண்டி. கிளட்சை விட்டதும் எடை பின்னால் சாயும், முன் சக்கரம் பிடியில்லாமல் சுழலும். அதனால் முன்னால் இறக்குவது சரி. பின் சக்கரம் சும்மா உருளத்தானே செய்கிறது? அங்கே காற்று குறைந்தால் வண்டியைப் பிடித்து இழுக்கும். நான் முன்னால் 24, பின்னால் 40 வைக்கிறேன்.

யீஷூன் தம்பி: அண்ணே, நான் மலேசியாவில் செப்பாங் பந்தயத் தடத்தில் ஓடிப் பார்த்துத்தான் சொல்கிறேன். 402 மீட்டர். முதல் ஓட்டம் 15.9 நொடி, இறக்கியபின் 15.4. டைம் சீட்டு கையில் இருக்கிறது.

பழைய சிவிக்: அது முன்னால் இறக்கியதால் குறைந்தது. பின்னால் 40 வைத்து மறுபடி ஓடினீர்களா?

துவாஸ் ஷிஃப்ட்: காற்றை விடுங்கப்பா. எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் தொளதொளவென்று இருந்தால் கிளம்பும்போது முன் சக்கரம் தத்தும், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் போய்விடும். நான் மவுண்டில் பாலியூரித்தேன் துண்டு செருகினேன், தத்துவது நின்றது. ஆனால் இப்போது சிவப்பு விளக்கில் நின்றால் உள்கண்ணாடி கிடுகிடுவென்று ஆடுகிறது, பின்னால் நிற்கும் வண்டியின் நம்பர்கூடத் தெரியவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு விடும் வண்டி இது.

பழைய சிவிக்: மவுண்ட் சரிதான். பின் டயருக்குப் பதில்?

யீஷூன் தம்பி: உங்களுடையது சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்த 15 வயது வண்டி. வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு எக்ஸாஸ்ட்டைக் கழற்றி மாட்டுகிறவர் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

பழைய சிவிக்: என் எக்ஸாஸ்ட் எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) விதிப்படி உள்ளது, தாள் வண்டியிலேயே இருக்கிறது. வாயை அளந்து பேசுங்கள். போன முறை ரேஸ் முடிந்து காற்றே நிரப்பாமல் அதே 18இல் நெடுஞ்சாலை ஏறியது யார்? ஜோகூரில் பாகோ போய்ச் சேர்வதற்குள் பின் டயரின் பக்கச்சுவர் சூடேறி வெடித்தது. மழையில் டார்ச் பிடித்தவன் நான். எடை குறைக்கிறேன் என்று ஸ்பேர் டயரையும் ஜாக்கையும் வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தீர்கள்!

யீஷூன் தம்பி: டயர் பழசு. அதற்கும் 18க்கும் சம்பந்தமில்லை. அன்று ஜோகூரில் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்தது யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ரெட்ஹில் மலர்: எடை, எடை என்கிறீர்கள். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியைத் தாண்டி மலேசியா போகவே விதிப்படி டேங்க்கில் முக்கால்வாசி பெட்ரோல் இருக்க வேண்டும். செப்பாங் 300 கிலோமீட்டர் சொச்சம். போய்ச் சேர்வதற்குள் அதில் பாதிக்குமேல் எரிந்துவிடும். ஸ்பேர் டயரைக் கழற்றி என்ன மிச்சம்?

யீஷூன் தம்பி: அக்கா, ஒவ்வொரு கிலோவும் கணக்குதான்.

துவாஸ் ஷிஃப்ட்: மவுண்டைப் பற்றி நான் சொன்னதை யாருமே படிக்கவில்லை.

பழைய சிவிக்: படித்தேன். தம்பிதான் நான் எழுதியதைப் படிக்கவில்லை. முடிவுக் கோட்டைத் தாண்டும்போது வேகம் மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேல். பின் டயர் அரைகுறைக் காற்றோடு இருக்கும்போது பிரேக் மிதித்தால் பின்பக்கம் அலையும். இதைப் படித்துவிட்டுப் புதுப் பையன் ஒருவன் நாலு டயரிலும் 18 வைத்துக்கொண்டு போனால் யார் பொறுப்பு? முன்னால் இறக்கு, பின்னால் ஏற்று. இதோடு மூன்றாவது தடவை சொல்கிறேன்.

யீஷூன் தம்பி: 15.4. சீட்டு இருக்கிறது. உங்கள் சிவிக்கின் சீட்டைப் போடுங்கள், பார்ப்போம்.

பழைய சிவிக்: போடுகிறேன். முதலில் நீங்கள் பின்னால் 40 வைத்து ஓடிவிட்டு வாருங்கள்.