தண்ணீர் ராக்கெட் சாய்ந்தே கிளம்புகிறது

கடலூரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு தண்ணீர் ராக்கெட் விடுகிறோம். 2 லிட்டர் குளிர்பான பாட்டில், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீட்டர் வைத்த சைக்கிள் பம்ப். முதலில் ரப்பர் கார்க். காற்றழுத்தம் 30 பிஎஸ்ஐ தொடுவதற்குள் பிடுங்கிக்கொண்டது. டெஃப்லான் டேப் சுற்றியும், உப்புத்தாளால் தேய்த்தும் பலனில்லை.

அப்புறம் அரை அங்குல பிவிசி குழாயில் ஓ ரிங் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர்) போட்டு, பாட்டில் கழுத்தைப் பிடிக்கச் சுற்றிலும் கேபிள் டை (பிளாஸ்டிக் கட்டுப்பட்டை) கட்டி ஏவுதளம் செய்தோம். இப்போது 50 பிஎஸ்ஐ நிற்கிறது. (அதற்கு மேல் ஏற்றுவதாக இல்லை, பக்கத்தில் பிள்ளைகள்.) ஆனால் டைகளைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கும் வளையத்தைக் கயிற்றால் கீழே இழுத்தால் அதன் ஒரு பக்கம் முந்தி இறங்கிவிடுகிறது, ராக்கெட் சாய்ந்து பாய்கிறது. சில்வர் பீச்சில் காற்றில்லாத காலையிலும் இதே கதைதான். மூக்கில் களிமண் வைத்தோம், இறக்கைகளைச் சரிபார்த்தோம்.

வளையம் கோணாமல் நேராக இறங்க, கயிற்றை எப்படிக் கட்டுவது?