கூரை அனல், பில் ஏற்றம்: வீட்டுக்கு எனர்ஜி ஆடிட் செய்வார்களா?

சத்துவாச்சாரி வாசி:
எங்கள் வீடு தரைத்தளம் மட்டும்தான், மேலே மொட்டை மாடி. கத்திரி முடிந்த பிறகும் ராத்திரி பதினொரு மணிக்குக் கூரையிலிருந்து அனல் இறங்குகிறது. ஒன்றரை டன் ஏசி ஓடிக்கொண்டே இருந்தாலும் அறை குளிர்வதில்லை, இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டிவிடுகிறது. கடையில் இரண்டு டன் வாங்கச் சொல்கிறார்கள், மாமனார் சோலார் போடச் சொல்கிறார். எதையும் வாங்குவதற்கு முன்னால் வீட்டை அளந்து பார்த்துச் சொல்ல ஆள் வருவார்களா? வந்தால் என்ன பார்ப்பார்கள்?

காட்பாடி வயரிங்:
வருவார்கள் சார். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் தேர்வு வைத்துச் சான்று தரும் எனர்ஜி ஆடிட்டர்கள், அதாவது மின்செலவை அளந்து சொல்கிறவர்கள், பெரும்பாலும் ஆலைகளைத்தான் பார்ப்பார்கள், வீட்டுக்கு வருகிறவரைக் கொஞ்சம் தேட வேண்டும். ஒரு வருஷ பில்லை எடுத்து வையுங்கள், நல்ல ஆள் முதலில் அதைத்தான் கேட்பார். அப்புறம் கிளாம்ப் மீட்டரில் ஏசி, மோட்டார், ஃபிரிட்ஜ் ஒவ்வொன்றும் எவ்வளவு இழுக்கிறது என்று பார்ப்பார், சூட்டை நிறமாகக் காட்டும் தெர்மல் கேமராவில் கூரையும் சுவரும் ஜன்னல் இடுக்கும் பார்ப்பார். வந்ததும் எதையாவது விற்கப் பார்த்தால் அனுப்பிவிடுங்கள். இன்றைக்கே நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள், பல்ஸ் விளக்கு அப்போதும் விட்டு விட்டு மின்னினால் எங்கோ கரண்ட் போகிறது, எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

காந்தி நகர் அக்கா:
தம்பி, இரண்டு டன் வாங்கிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் ஆடிட்டர் சாயங்காலம் கேமராவைக் காட்டினபோது கூரை முழுக்கச் சிவப்பு, மேற்குச் சுவர் அதற்கு அடுத்தபடி. நம் ஊர் வெயிலைக் கான்கிரீட் பகலெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி உள்ளே விடுகிறது, ஏசி அந்தச் சூட்டோடுதான் போராடுகிறது. மாடியில் வெள்ளைக் கூலிங் டைல்ஸ் பதித்தோம், மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டினோம். அதே பழைய ஏசி 26 டிகிரியில் போதுகிறது. இப்போது டைல்ஸுக்குப் பணம் இல்லையென்றால் வெயில் தொடங்கும் முன் சுண்ணாம்பு அடியுங்கள், வருஷா வருஷம் அடிக்க வேண்டும், ஆனால் பலன் நிச்சயம்.

ராணிப்பேட்டை ஷிப்ட்:
பில் விஷயம்: 500-ஐத் தாண்டினால் தாண்டின யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது, 101 முதல் 200 வரைக்கான குறைந்த விலையும் போய்விடும். அதனால் கொஞ்சம் குறைத்தாலே பில் நன்றாக இறங்கும். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் உள்ள பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட்தான். சோலார் நல்லதுதான், 3 கிலோவாட்டுக்கு மத்திய மானியம் 78,000 ரூபாய் இருக்கிறது, ஆனால் செலவைக் குறைத்த பிறகு எத்தனை கிலோவாட் தேவை என்று கணக்குப் போடுங்கள்.

சத்துவாச்சாரி வாசி:
அக்கா, மழை வந்தால் கூரையில் ஒரு மூலை ஊறுகிறது. சுண்ணாம்புக்கு முன்னால் அதைப் பார்க்க வேண்டுமா?

காந்தி நகர் அக்கா:
கண்டிப்பாக தம்பி. ஈரம் இருந்தால் எதை அடித்தாலும் உரிந்து வரும். கொத்தனாரை வைத்து விரிசலை அடைத்து, தண்ணீர் தேங்காமல் வாட்டம் சரிசெய்து, நன்றாகக் காய்ந்த பிறகு அடியுங்கள்.